கொலுவில் ஒரு நீராவிச் சம்மட்டி

கொலு வைத்த இரண்டாம் நாளே வம்பு ஆரம்பித்துவிட்டது. யார் வந்து உட்கார்ந்து பாடினாலும், நாலாவது வரிக்குள் பாட்டு கடிகாரத்தின் பின்னால் போய்விட்டது.

கடிகாரம் ‘டொக்’ என்றால் பாட்டும் ‘டொக்’ என்றது. மந்தைவெளியிலிருந்து ஒரு மாமி வந்தார். இருபது வருஷம் பாட்டு சொல்லிக் கொடுத்தவர். மிச்ர சாபுவில் ஆரம்பித்து ஆதி தாளத்தில் முடித்தார். முடித்த பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் சுண்டலை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"ஏன்னா, அவனைக் கொஞ்சம் மெதுவா அடிக்கச் சொல்லுங்கோளேன்" என்றாள் ஜலஜா.

"எவனை?"

"அந்தக் கொல்லனைத்தான்."

சாரநாதன் மூன்றாம் படியைப் பார்த்தான். தசாவதாரத்துக்கும் செட்டியார் பொம்மைக்கும் நடுவில், இரண்டடி உயரத்தில் வெண்கலத்தாலான ஒரு நீராவிச் சம்மட்டி நின்றது. இரண்டு தடித்த தூண்கள், அவற்றின் நடுவே மேலே ஏறிக் கீழே இறங்கும் சம்மட்டி, அதன் அடியில் பட்டடைக்கல். பக்கத்தில் தோல் ஏப்ரன் கட்டிய கொல்லன் ஒருவன், ஒரு சாண் உயரம், இடுக்கியைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். பீடத்தில் வெள்ளி முலாம் பூசிய கடிகார முகம். சம்மட்டி ஒரு தடவைகூடப் பட்டடையைத் தொடவில்லை. ஓர் அரிசி இடைவெளியில் நின்று, மறுபடி ஏறியது. அந்த அரிசி இடைவெளியைப் பார்க்கத்தான் மயிலாப்பூரே வந்துகொண்டிருந்தது.

புதுப் பட்டுப்புடவையைக் காட்ட வந்தவர்கள் புடவையை மறந்தார்கள். எதிர்வீட்டுக் கொலுவைப் பற்றிப் பேச வந்தவர்கள் பேச்சை விட்டார்கள். சம்மட்டி ஏறும்போது எல்லார் மோவாயும் கொஞ்சம் ஏறியது, இறங்கும்போது இறங்கியது. பத்து பெண்கள் ஒரு கூடத்தில் உட்கார்ந்து பத்து நிமிஷம் வாயைத் திறக்காததை சாரநாதன் தன் நாற்பது வயதில் இப்போதுதான் பார்த்தான்.

கடிகாரம் அவனுடையது இல்லை. வீடும் அவனுடையது இல்லை. இரண்டும் மாடியில் இருக்கும் ஸ்தலசயனம் ஐயங்காருடையவை. பெரம்பூர் ரயில்வே தொழிற்சாலையில் நிஜமான நீராவிச் சம்மட்டிக்கு முன்னால் முப்பது வருஷம் நின்று ஓய்வு பெற்றவர். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுக் கிளம்பிய ஐம்பத்துநாலாம் வருஷம், அங்கே ஒரு பிரெஞ்சு எஞ்சினியர் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது இதைப் பார்த்திருக்கிறார். பாரிஸில் செய்தது, நூறு வயசு. அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரர்களுக்கு எஞ்சின், பாய்லர், கலங்கரை விளக்கம் எதைப் பார்த்தாலும் அதைக் குட்டியாகச் செய்து உள்ளே ஒரு கடிகாரத்தை வைக்க வேண்டும் என்று தோன்றியதாம். "நாமெல்லாம் கோபுரத்தைப் பாத்துக் கன்னத்துல போட்டுப்போம். அவா ஃபாக்டரியைப் பாத்துப் போட்டுண்டிருக்கா, ஓய்" என்பார்.

அன்று மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறியவர், அதற்குப் பிறகு இந்தப் பதினாறு வருஷமும் அதை ஒரு விநாடி நிற்க விட்டதில்லை. எட்டு நாள் சாவி. ஒரு முறை முறுக்கினால் எட்டு நாள் ஓடும், ஆனால் அவர் ஏழாவது நாளே முறுக்கிவிடுவார். வேறு யார் கையும் படக் கூடாது. கல்யாணமோ காரியமோ, ஏழாவது நாள் காலையில் ஐயங்கார் இந்தச் சித்திரக்குளத்து வீட்டில் இருந்தாக வேண்டும்.

இப்போது அவருக்குக் கண்புரை ஆபரேஷன். பத்து நாள் ஆஸ்பத்திரியில் கண்ணைக் கட்டிக்கொண்டு அசையாமல் படுக்க வேண்டும். மகாளய அமாவாசையன்று காலையில் கடிகாரத்தை முழுசாக முறுக்கிவிட்டு, சாவியை சாரநாதன் கையில் வைத்தார்.

"ஏழாவது நாள் முறுக்கும். பதினாலு அரைச்சுத்து. பதினஞ்சாவது போடாதேயும்."

"சரி மாமா."

"நின்னுதோ, நீர் வேற ஆம் பாத்துக்கலாம்."

இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பதினொரு வருஷம் குடியிருந்த வீடு. கிணற்றில் கோடையிலும் தண்ணீர். பின்னால் முருங்கை. ஜலஜா இந்த வீட்டை விட்டு வருவதற்குள் புருஷனை விட்டுவிடுவாள், இது சாரநாதனுக்கு நன்றாகத் தெரியும்.

அன்று சாயங்காலம், ஐயங்காரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்த ஜானு மாமி, அவர் மனைவி, மாடியிலிருந்து கூப்பிட்டார். பொழுதுக்கும் பேசாத மனுஷி. "மாடியில ஆளில்லாம எதுக்கு இது தனியா? கீழே கொலுவுல வெச்சுடுங்கோ. கண் முன்னாலயே இருக்கும்" என்றார். எவ்வளவு நல்ல யோசனை என்று சாரநாதன் நினைத்தான். அவனும் ஜலஜாவும் இரண்டு பக்கம் பிடித்து, மூச்சைப் பிடித்து, படிப்படியாக இறக்கி, மூன்றாம் படியில் வைத்தார்கள்.

ஆக இரண்டாம் நாள் ஜலஜா கேட்டதற்கு அவன் சொன்ன பதில் இதுதான்:

"மெதுவா அடிக்கச் சொல்ல முடியாது. வேணும்னா ஓரமா நகர்த்தி வெக்கறேன்."

ஜலஜா நெருப்பைத் தொட்டவள் மாதிரி திரும்பினாள். "கொலு வெச்சப்புறம் நகர்த்தறதா? விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வெக்கற வரைக்கும் ஒண்ணு மேலயும் கை வெக்கக் கூடாது. எங்க அத்தை ஒரு வருஷம் ஒரு யானையை ஒரு விரக்கடை நகர்த்தினா. அந்த மாசமே அத்திம்பேரை சஸ்பெண்ட் பண்ணிட்டா."

"யானைக்கும் சஸ்பென்ஷனுக்கும்..."

"பேசாம இருங்கோ."

அவன் மூன்றாம் படியைப் பார்த்தான். அப்போதுதான் உறைத்தது. சாவித் துவாரம் கடிகாரத்தின் பின்பக்கம். முறுக்க வேண்டுமானால் திருப்ப வேண்டும். திருப்பினால் நகர்த்தியதாகிவிடும். கொலுவோ ஒன்பது நாள். கடிகாரமோ எட்டு நாள்.

விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். எப்படி எண்ணினாலும் அப்படியேதான் வந்தது.

மறுநாள் ஆபீஸ் விட்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். ஐயங்கார் இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டுக்கொண்டு, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, மல்லாந்து கிடந்தார். பக்கத்தில் ஜானு மாமி ஜபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார்.

"யாரு, சாரநாதனா? ஓடறதா?"

"ஓடறது மாமா. கொலுவுல வெச்சிருக்கு. ஊரே வந்து பாக்கறது."

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. தலை அசையவில்லை. "பெருமாளோட இருக்கட்டும். பின்னாடி கை போறதோ?"

"தாராளமா" என்றான். இதுதான் முதல் பொய். இன்ஷ்யூரன்ஸ் ஆபீஸில் பதினெட்டு வருஷமாகக் கிளார்க்காக இருந்தும் பொய் சொல்லி வழக்கமில்லாதவன்.

ஏழாம் நாள் லீவு போட்டான். கொலுப்படியின் பின்பக்கத்தை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்திருந்தான். கீழே இரண்டு டிரங்குப்பெட்டி, நடுவில் கவிழ்க்காத ஒரு பெரிய அண்டா, அதன்மேல் பலகை, பலகைமேல் பெஞ்சு, எல்லாவற்றுக்கும் மேல் அவனுடைய தலைதீபாவளி வேஷ்டி. பக்கவாட்டில் புகுந்து, மல்லாந்து படுத்து, மூன்றாம் படிக்கும் நாலாம் படிக்கும் நடுவிலிருந்த சந்தில் கையை விட்டால், கடிகாரத்தின் முதுகு எட்டும். நகர்த்தியதாகவும் ஆகாது. தன் மூளையை நினைத்து அவனுக்கே பெருமையாக இருந்தது.

மத்தியானம் யாரும் வரமாட்டார்கள் என்று உள்ளே புகுந்தான். புகுந்த ஐந்தாவது நிமிஷம், அடையாறிலிருந்து நாலு பேர் வந்து பாயில் உட்கார்ந்தார்கள்.

வெளியே வர முடியாது. சரி, வந்த வேலையைப் பார்ப்போம் என்று வேஷ்டியைத் தூக்கி, கையை மேலே விட்டான். குளிர்ந்த வெண்கலம் விரலில் பட்டது. உள்ளே சக்கரங்கள் ஒன்றையொன்று தள்ளுவது தகட்டின் வழியாக நுனிவிரலுக்கு வந்தது. பாரிஸில் யாரோ ஒருத்தன், நூறு வருஷத்துக்கு முன்னால், இதே இடத்தில் விரல் வைத்துப் பார்த்திருப்பான். சாரநாதன் ஒரு நிமிஷம் சாவியை மறந்துவிட்டு அப்படியே படுத்திருந்தான்.

"படிக்குள்ள என்னமோ அசையறது" என்றது வெளியே ஒரு குரல்.

"பூனையா இருக்கும். ஜலஜா, உங்காத்துப் பூனை மூணாம் படியில."

"எங்காத்துல பூனையே கிடையாதே" என்று அடுக்களையிலிருந்து ஜலஜா சொன்னாள்.

அடையாறு மாமி ஒருவர் பனைவிசிறியின் காம்பால் அந்த இடத்தைக் குறிபார்த்து ஒரு குத்து குத்தினார். சாரநாதனின் மணிக்கட்டில் சரியாக விழுந்தது. சாவி நழுவியது. பலகைச் சந்தில் புகுந்து, அண்டாவுக்குள் "டங்" என்று விழுந்தது.

"மணி அடிக்கறது பாரு, என்ன நாதம்" என்றார் குத்திய மாமி.

அவர்கள் போன பிறகு வெளியே வந்து அண்டாவை அணுக வழி பார்த்தான். பலகைக்கும் அண்டா வாய்க்கும் நடுவில் இரண்டு விரல்தான் போயிற்று. அந்த அண்டாவின்மேல் நாலு படி, நூற்றுப் பதினெட்டு பொம்மை, ஒரு மலை, ஒரு தெப்பக்குளம். சாவியை எடுக்க வேண்டுமானால் கொலுவையே பிரிக்க வேண்டும்.

ஜலஜாவிடம் சொன்னான். அவள் கோபித்துக்கொள்ளவில்லை, தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "வேற சாவி கிடைக்காதா?" என்றாள் கடைசியில்.

கச்சேரி ரோட்டில் கடிகாரம் பழுது பார்க்கும் அக்பர் பாஷாவை மறுநாள் மத்தியானம் அழைத்து வந்தான். அவர் ஒரு பெரிய வளையத்தில் நூறு சாவி கோத்துக் கொண்டுவந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அலட்சியமாகத்தான் இருந்தார்.

"இன்னா சார், பெரிய பிரெஞ்சு கடியாரம். நம்ம பாக்காத கடியாரமா?"

கூடத்துக்குள் நாலடி வைத்தவர் நின்றுவிட்டார். சம்மட்டி ஏறி இறங்குவதைப் பார்த்தார். தொப்பியைச் சரி செய்தார். மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். பொட்டு வைத்துப் பூச்சூடிய நூற்றுப் பதினெட்டு பொம்மைகளுக்கு முன்னால், சாவி வளையத்தை மடியில் போட்டுக்கொண்டு, கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"பாய், சாவி..." என்றான் சாரநாதன்.

"சும்மா இரு சார், கொஞ்ச நேரம்." பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: "அடிக்கிற மாதிரி வந்து அடிக்காம போவுது பாரு. இத்த செஞ்சவன் இன்னா கை சார் அது. நாப்பது வருசமா இந்தத் தொழில்ல கீறேன், எனக்கு இப்பத்தான் கடியாரம்னா இன்னான்னே தெரியுது."

பிறகு இரண்டு பேரும் படிக்கு அடியில் புகுந்தார்கள். அக்பர் பாஷா கொஞ்சம் பருத்த உடம்பு. ஜலஜா வாசல்படியில் காவல் நின்றாள். அவர் சந்தில் விரலை விட்டு, ஒரு மெழுகு உருண்டையைத் துவாரத்தில் அழுத்தி எடுத்து, டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார்.

"நம்மகிட்ட இந்த சைஸ் இல்ல சார். புதுசா ராவித்தான் எடுக்கணும். ஒரு வாரம் ஆவும்."

"ஒரு வாரமா? இன்னிக்கி நின்னுடும் பாய். கிட்டத்துல இருக்கற சாவி ஒண்ணைப் போட்டு ஒரு திருகு திருகக் கூடாதா?"

"அந்தப் பாவத்த நான் பண்ண மாட்டேன். முனை தேஞ்சா அவ்ளோதான். உனுக்குக் கையாலயே வேணும்னா சொல்லு, இன்னிக்கி முச்சூடும் இங்கயே படுத்துக்கினு சம்மட்டியத் தள்ளிவுடறேன்."

சாரநாதன் உண்மையாகவே அதை யோசித்துப் பார்த்தான்.

அன்று எட்டாம் நாள். சாயங்காலம் ஆறேகால் மணிக்கு, கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போது, நடுத்தெரு ருக்மணி மாமி ஓர் ஆலாபனையில் மேலே போய் நின்றார். சம்மட்டியும் மேலே போய் நின்றது. மாமி இறங்கினார். சம்மட்டி இறங்கவில்லை.

சாரநாதன் எழுந்து நின்றுவிட்டான். பதினாறு வருஷம் ஓடியது. வீடு போச்சு. கிணறு போச்சு. முருங்கை போச்சு. ஜலஜா தூணைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல் மெல்ல எழுந்தது: "பாட்டைக் கேக்கறதுக்காக நிறுத்திண்டுடுத்து."

அவ்வளவுதான். ருக்மணி மாமி அழுதுவிட்டார். யாரோ எழுந்து கடிகாரத்துக்குக் கற்பூரம் காட்டினார்கள். கொல்லன் காலடியில் ஒரு முழம் மல்லிகை விழுந்தது. மறுநாள் சரஸ்வதி பூஜையன்று சித்திரக்குளம் மூலை வரைக்கும் வரிசை நின்றது. சம்மட்டி உயர்த்தியபடி நிற்பதைப் பார்க்க, ஓடியதைப் பார்க்க வந்ததைவிட மூன்று மடங்கு கூட்டம். பட்டினப்பாக்கத்திலிருந்து மீன்காரப் பெண்கள் இரண்டு பேர் கூடையை வாசலில் வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்கள். "இன்னாமா இப்புடி நிக்குது, பாட்டு கேட்டுக்கினா?" என்று ஒருத்தி கேட்டுவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள். சுண்டலுக்குக் கடலை மூன்று முறை ஊற வைக்க நேர்ந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போக சாரநாதனுக்குக் கால் வரவில்லை. போகாமலிருந்தது இன்னும் தப்பாகப் போயிற்று. பூஜை முடிந்து இலையில் உட்காரும் நேரத்தில் பக்கத்து வீட்டு வக்கீல் ஆள் அனுப்பினார். போன் வந்திருக்கிறது, ஐயங்கார் லைனில் இருக்கிறார்.

"ஓய், ஏன் வரலை?"

"பூஜை மாமா. கூட்டம்."

"ஓடறதோன்னோ?"

டாக்டர் சொன்னது சாரநாதனுக்கு நினைவிருந்தது: அதிர்ச்சி கூடாது, தலையைத் தூக்கக் கூடாது, தையல் விட்டுப்போகும். "ஓடறது மாமா" என்றான்.

"ரெண்டு நாளா தூக்கம் வரலை ஓய். நர்ஸைக் கெஞ்சி நாற்காலியில தள்ளிண்டு வந்திருக்கேன். வக்கீல் போன் ஒயர் நம்மாத்து ஜன்னல் வரைக்கும் எட்டும். அதைப் போன்ல கேக்க வைக்க முடியுமா? ஒரே நிமிஷம்."

சாரநாதன் வக்கீல் வீட்டு அடுக்களைக்குள் ஓடினான். ஒரு பாக்குவெட்டியும் ஒரு பித்தளை டம்ளரும் அகப்பட்டன. ரிசீவரை மேஜைமேல் வைத்து, டம்ளரைக் கவிழ்த்து, பாக்குவெட்டியால் அடித்தான். டொக். டொக். டொக். வக்கீல் கட்சிக்காரரோடு பேசுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

ரிசீவரிலிருந்து குரல் வந்தது. "கொஞ்சம் வேகமா ஓடறதே. நிமிஷத்துக்கு ரெண்டு கூட இருக்கு."

சாரநாதன் நிதானித்தான். டொக். டொக்.

"ஆங். இப்போ சரி. என்ன ஓய், அதுவா சரி பண்ணிண்டுடுத்து?"

"குளிர்ந்த காத்து வரது மாமா. அதனால இருக்கும்."

அடித்துக்கொண்டே இருந்தான். வக்கீலின் கட்சிக்காரர் கைகட்டி எழுந்து நின்றார், ஏதோ பூஜை என்று நினைத்திருப்பார். கடைசியில் ஐயங்காரின் குரல் வந்தது.

"கேட்டுண்டே இருக்கலாம் போல இருக்கு. இருப்புக் கொள்ளலை. நாளைக்கு விஜயதசமி, நல்ல நாள். கட்டோட கிளம்பி வந்துடறேன், டாக்டர்கிட்ட ஜானு சொல்லிட்டா."

சாரநாதன் ரிசீவரை வைத்தான். இவ்வளவு நன்றாக அடித்திருக்க வேண்டாம்.

மறுநாள் சாயங்காலம் வாசலில் டாக்சி நின்றது. கண்ணில் கட்டோடு ஸ்தலசயனம் ஐயங்கார் இறங்கினார். ஜானு மாமி கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். கூடம் நிறைய ஜனம்; யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று ஜலஜா முன்பே சொல்லி வைத்திருந்தாள். நேராகக் கொலுவுக்கு முன்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

"சாரநாதன் எங்கே?" என்றார்.

"காய் வாங்கப் போயிருக்கார் மாமா" என்றாள் ஜலஜா.

சாரநாதன் அவர் காலுக்கு மூன்றடி தூரத்தில், டிரங்குப்பெட்டிக்கும் அண்டாவுக்கும் நடுவில், பாக்குவெட்டியும் டம்ளருமாக மல்லாந்து கிடந்தான். டொக். டொக். டொக்.

ஐயங்கார் காதைச் சாய்த்துக் கேட்டார். முகம் மலர்ந்தது. பிறகு, யாரும் கேட்காமலே, பேச ஆரம்பித்தார்.

"இதோட பெரியண்ணா பெரம்பூர்ல இருக்கான். ரெண்டு ஆள் உயரம். எஞ்சின் அச்சை ஒரே அடியில சப்பையாக்குவான். அதே சம்மட்டிக்குக் கீழ ஒரு முட்டையை வெச்சு, ஓடு மட்டும் கீறும்படி இறக்கிக் காட்டுவான் எங்க சம்மட்டி டிரைவர் ஒருத்தன். அவ்வளவு பலத்தை அவ்வளவு மெதுவா இறக்கத் தெரியணும். அதைப் பாத்துட்டுத்தான் நான் தெய்வம் உண்டுன்னு நம்பினேன், கோயில்ல இல்லை. புதுச்சேரியில இதைப் பாத்தப்போ, அந்தப் பலத்தை ஒருத்தன் உள்ளங்கையில அடக்கி, அடிக்காம நிறுத்தியிருக்கானேன்னு கன்னத்துல போட்டுண்டேன்."

இவ்வளவு பெரிய விஷயத்துக்குப் பாக்குவெட்டியால் அடித்துக்கொண்டிருக்கிறோமே என்று படிக்கு அடியில் சாரநாதனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கை நிற்கவில்லை. இத்தனை ஒழுங்காக அவன் ஆபீஸில் ஒரு வேலையும் செய்ததில்லை.

ஐயங்கார் சட்டென்று பேச்சை நிறுத்தினார். நாற்காலியில் முன்னால் சாய்ந்தார்.

"சம்மட்டி இறங்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன மூச்சு விடுமே. கேக்கலையே."

ஜலஜா படிக்கு அடியில் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

படிக்கு அடியில் சாரநாதன் யோசிக்க நேரமில்லை. அடுத்த ‘டொக்’குக்கு முன்னால் ‘ஹ்ஹ’ என்று மூச்சு விட்டான். டொக். ஹ்ஹ. டொக். பத்து நாள் தூசி அத்தனையும் மூக்குக்குள் போயிற்று. மூன்றாவது ‘ஹ்ஹ’ தும்மலாக வந்தது. செட்டியார் பொம்மை தலையை ஆட்டியது. தெப்பக்குளத்தில் அலை அடித்தது.

"இது பாரிஸ் மூச்சு இல்லை" என்றார் ஐயங்கார் அமைதியாக. "வெளியே வாரும் ஓய்."

வேஷ்டியை விலக்கிக்கொண்டு சாரநாதன் வெளியே வந்தான். தலையெல்லாம் ஒட்டடை. கையில் பாக்குவெட்டி. கூடத்தில் ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"எப்போ நின்னுது?"

"முந்தாநாள் சாயங்காலம் ஆறேகாலுக்கு மாமா. சாவி அண்டாவுக்குள்ள விழுந்துடுத்து. தப்பு என்னோடதுதான், ஜலஜாவை ஒண்ணும் சொல்லாதேள். தை பிறந்ததும் நாங்க ஆத்தைக் காலி பண்ணிடறோம்." ஜலஜா முகத்தைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

ஐயங்கார் கையை நீட்டினார். சாரநாதன் அந்தக் கையைப் பிடித்து, மூன்றாம் படிக்குக் கொண்டுபோய், உயர்ந்து நின்ற சம்மட்டியின்மேல் வைத்தான். அவர் அதைத் தடவிப் பார்த்தார். கொல்லனைத் தொட்டார். கொல்லன் காலடியில் வாடிய மல்லிகையைத் தொட்டார்.

"பதினாறு வருஷம்" என்றார். "ஒரு கல்யாணத்துக்கு இருந்ததில்லை, ஒரு ஊர்ல ஒரு வாரம் தங்கினதில்லை. உம்மை நம்பிக் குடுத்தேன். நீர்..."

பத்து நாளாக அவர் பக்கத்திலேயே இருந்த ஜானு மாமி, அவருடைய கையைச் சம்மட்டியிலிருந்து மெதுவாக எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார்.

"அவரை ஒண்ணும் சொல்லாதேள், எட்டு நாள் கடிகாரத்தை ஒன்பது நாள் கொலுவுல தெரிஞ்சே வெக்கச் சொன்னவளே நான்தான், பத்ரியிலயும் அயோத்தியிலயும் துவாரகையிலயும் பெருமாள் பதினாறு வருஷமா நமக்காகக் காத்துண்டிருக்கார், கண் கட்டை அவுத்ததும் கிளம்புங்கோ."